குதிகால் மெலனோமா அகற்றி ஏழு மாதம் ஆகிறது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது

வடவாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நாற்பத்தாறு வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இடது குதிகாலில் எனக்கு நெடுநாளாக ஒரு கரும்புள்ளி இருந்தது. சிறுமியாக இருந்தபோது கருவேல முள் ஏறி, அதை என் அப்பா ஊக்கால் கிண்டி எடுத்த இடம் அது என்பதால், உள்ளே முறிந்து நின்றுவிட்ட முள்தான் கறுப்பாகத் தெரிகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சென்ற ஆண்டு அது ஒரு பக்கமாகப் படரத் தொடங்கி, ஈரத்தாளில் பட்ட மைபோல ஓரம் கலைந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் காட்டினேன். பயாப்ஸியில் மெலனோமா என்று வந்தது. வெயிலே படாத இடத்தில் தோல் புற்றுநோய் வருமா என்று கேட்டேன். நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் வருகிறது, அதற்கு வெயில் காரணம் இல்லை என்றார்.

தடிமன் 0.9 மில்லிமீட்டர், மேல்தோல் புண்ணாகவில்லை, ஆரம்ப நிலை என்று சொன்னார்கள். புள்ளியைச் சுற்றி 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகற்றிவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது. கீமோவும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். அறுவைக்கு முன்பு, தொடை இடுக்கில் உள்ள முதல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கும் சென்டினல் பயாப்ஸியைப் பற்றியும் பேசினார்கள். இந்தத் தடிமனுக்கு அது கட்டாயம் இல்லை, செய்துகொண்டால் ஒரு தகவல் கிடைக்கும், முடிவு உங்களுடையது என்றார்கள். இன்னொரு இடத்திலும் கத்தி வைக்க வேண்டுமா என்று பயந்து, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பதினோரு நாட்களுக்கு முன், குளித்து முடித்து உடுத்தும்போது இடது தொடை இடுக்கில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால் இலேசாக வலிக்கிறது. அல்லது வலிக்கும் என்று எதிர்பார்த்து அழுத்துவதால் வலிப்பதாகத் தோன்றுகிறதோ, தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்துவிட்டது. அதைக் காப்பதற்காகக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை காலுறையும் மூடிய காலணியும் அணிந்தே வகுப்பில் நிற்கிறேன்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கிறது, கால் அசதிக்கு எல்லோருக்கும் கட்டும், சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் போட்டால் அமுங்கிவிடும்" என்கிறார். அவருக்கு என் நோயின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உள்ளூரில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டியபோது, "அரை மணி நேர வேலை, மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம், சனிக்கிழமை வாருங்கள்" என்றார். எனக்குச் சிகிச்சை அளித்த பெரிய மருத்துவமனையில் அடுத்த முறை வரச் சொல்லியிருக்கும் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். 0.9 மில்லிமீட்டரில் கண்டுபிடித்து முழுமையாக அகற்றிய பிறகும் கணுவுக்குப் பரவுமா? ஐந்து வாரம் காத்திருக்கலாமா, அல்லது சனிக்கிழமையே எடுத்துவிடலாமா? இவற்றை எல்லாம்விட, இந்த நாட்களை எப்படிக் கடப்பது? நேற்று அந்தக் கட்டியை எத்தனை முறை தொடுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மதிய மணி அடிப்பதற்குள் இருபத்து மூன்று முறை ஆகிவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கை தானாகக் கீழே போகிறது. பிள்ளைகள் கவனிக்கிறார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. அன்று சென்டினல் பயாப்ஸி வேண்டாம் என்று சொன்ன வாயை நினைத்து நினைத்து இரவில் தூக்கம் வருவதில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஊசிப் பரிசோதனைக் கண்ணாடிகளைத் தயாரித்துச் சாயம் ஏற்றும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் சொல்லை மருத்துவரின் சொல்லாகக் கொள்ள வேண்டாம். ஆனால் தொடை இடுக்கிலிருந்து வந்த கணுக்களின் கண்ணாடிகளை நான் பார்த்த எண்ணிக்கைக்குக் கணக்கில்லை என்பதால் சில விஷயங்களைத் துணிந்து சொல்கிறேன்.

முதலில் சனிக்கிழமை அறுவையைத் தள்ளிவையுங்கள். மெலனோமா வந்தவருக்குப் புதிதாக ஒரு கணு தட்டுப்பட்டால், அதை முதலில் அல்ட்ராசவுண்டில் பார்த்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதுதான் முறை. எடுத்த எடுப்பில் கீறி எடுத்தால், அது வெறும் வீக்கமாக இருந்தால் தேவையில்லாத ஒரு தழும்பும் நீர்க்கோப்பும் மிச்சமாகும். நோயாகவே இருந்தால், பின்னால் அந்த இடத்தை முறையாக அறுவை செய்ய வேண்டிய புற்றுநோய் மருத்துவருக்கு வடுவும் குலைந்த திசுவும் குறுக்கே நிற்கும், நோயணுக்கள் சிந்திப் பரவவும் இடம் கொடுத்ததாகும். ஊசி முடிவு தெளிவாக வராதபோது கணுவை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை வரலாம். அதையும் உங்களுக்குச் சிகிச்சை அளித்த குழுவே செய்வது நல்லது.

இரண்டாவது, ஐந்து வாரம் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலையே அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, உங்கள் பதிவு எண்ணைச் சொல்லி, "மெலனோமா எடுத்த அதே பக்கம் தொடை இடுக்கில் புதிதாகக் கட்டி தெரிகிறது" என்று இதே சொற்களில் தெரிவியுங்கள். "கால் வலி", "கொஞ்சம் வீக்கம்" என்று கூச்சப்பட்டுச் சொன்னால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அவர்கள் உடனே தேதி தராவிட்டால், உங்கள் மாவட்டத்திலேயே அல்ட்ராசவுண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அறிக்கையுடன் நேரில் போய் நில்லுங்கள். இடம் தொடை இடுக்கு என்பதால், பரிசோதிக்கும்போது பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இனி, அது என்னவாக இருக்கலாம் என்பது. காலில் இருந்து மேலேறும் நிணநீர் முழுவதும் வந்து வடிகட்டப்படும் இடம் தொடை இடுக்கு. நம் ஊரில் வெறுங்காலுடன் வயலிலும் வாசலிலும் நடந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு கணுவாவது கையில் தட்டுப்படாமல் இருப்பதுதான் அரிது. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நகச்சுற்று, கொசு கடித்துச் சொறிந்த புண் என எது வந்தாலும் அங்கே நெறி கட்டும். டெல்டா மாவட்டங்களில் யானைக்கால் கிருமியும் ஒரு காலத்தில் இதற்குப் பெரிய காரணமாக இருந்தது. காசநோயும் கணுவில் வரும். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரிதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நெறி எல்லோருக்கும் கட்டும். ஆனால் மெலனோமா வந்தவருக்குக் கட்டிய நெறியை, பாதத்தில் புண் ஒன்று இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பரிசோதனை இல்லாமல் விட்டுவிடக்கூடாது. ஒரே காலில் சேற்றுப்புண்ணும் இருக்கலாம், மற்றதும் இருக்கலாம்.

நாள் முழுவதும் காலுறையும் மூடிய காலணியும் என்று எழுதியிருந்தீர்கள். இன்று இரவு விளக்கடியில் உட்கார்ந்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். முக்கியமாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையில் பாருங்கள்.

அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் இரண்டு மூன்று சொற்களைக் கவனியுங்கள். நல்ல கணு அவரைவிதைபோல நீண்டிருக்கும்; அதன் நடுவில் கொழுப்பாலான வெண்மையான மையம் தெரியும். அந்த மையம் மறைந்து, கணு கோலிக்குண்டுபோல உருண்டு, ஓரத்தில் இரத்த ஓட்டம் கூடியிருந்தால் மருத்துவர் ஊசி போடச் சொல்வார். கையால் தொட்டுச் சொல்வதென்றால், மிருதுவாக, நகரக்கூடியதாக, வலியுடன் இருப்பது பெரும்பாலும் தொற்றால் வருவது. கல்போல இறுகி, வலியே இல்லாமல், வாரத்துக்கு வாரம் வளர்வது கவலைக்குரியது. ஆனால் விரலை நம்பி முடிவு செய்யாதீர்கள். விரல் இரண்டு பக்கமும் பொய் சொல்லும்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. மருத்துவர் கணுவை இரு விரல்களுக்கு இடையில் நிறுத்தி, அல்லது ஸ்கேனில் பார்த்தபடியே, ஊசியை உள்ளே செலுத்தி முன்னும் பின்னும் சில முறை அசைத்து எடுத்துவிடுவார். அரை நிமிடம்கூட ஆகாது. வெளியே வருவது ஒரு சொட்டுதான். அதைக் கண்ணாடியில் விட்டு, இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பாக இழுத்து, காய்வதற்குள் ஆல்கஹாலில் முக்க வேண்டும். என் முதல் ஆண்டில் அந்த இழுப்பில் கை நடுங்கி எத்தனையோ கண்ணாடிகளைக் கெடுத்திருக்கிறேன். தொற்றால் வீங்கிய கணு என்றால் நுண்ணோக்கியில் சிறிதும் பெரிதுமாகப் பலவகை அணுக்கள் கலந்து தெரியும், அரிசியும் உளுந்தும் பயறும் ஒரே முறத்தில் கொட்டியதைப்போல. மெலனோமா என்றால் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய அணுக்கள் நிற்கும். பல நேரங்களில் அவற்றுக்குள் காப்பித்தூளைப்போல நிறமித் துகள்கள் இருக்கும். சில சமயம் "போதிய அணுக்கள் இல்லை" என்று அறிக்கை வந்து இரண்டாம் முறை ஊசி போட வேண்டியிருக்கும். அந்த வரியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சொட்டில் சரக்கு வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

மாமரத்தடி எழுதியது:

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். என் பாட்டி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுண்ணாம்பும் தேனும் பற்றுப் போட்டு நெறியை அமுக்கியிருக்கிறார். நானே மூன்று முறை போட்டுக்கொண்டவன். இரண்டே நாளில் வற்றிவிடும். பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும், இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, உங்கள் பாட்டியின் பற்றைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் புண்ணால் கட்டிய நெறி, புண் ஆறினால் பற்று இல்லாமலும் வற்றும். இந்தச் சகோதரியின் நிலையில் சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிட்டால், அந்தப் புண்ணாலேயே பக்கத்துக் கணுவும் வீங்கும். ஊசி போட வேண்டிய இடத்தில் தோல் வெந்திருக்கும். ஸ்கேன் பார்ப்பவருக்கு எது முந்திய வீக்கம், எது பிந்தியது என்று தெரியாமல் போகும். முடிவு வரும்வரை அந்த இடத்தில் பற்று, ஒத்தடம், எண்ணெய் நீவல் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடி எழுதியது:

அக்கா, நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் கெண்டைக்காலில் இருந்த மெலனோமாவை அகற்றிக்கொண்டவள். இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை தொடை இடுக்கில் கணு தட்டுப்பட்டு, மூன்று முறையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, மூன்று முறையும் நோய் இல்லை என்று திரும்பினேன். உங்களுக்கும் அப்படியே வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அந்த இருபத்து மூன்று முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எனக்கு முதல் தடவை அது முப்பதைத் தாண்டியது. நான்காவது நாள் அந்த இடம் சிவந்து, நடந்தாலே வலித்தது. கட்டி பெருத்துவிட்டது என்று அழுதுகொண்டே போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு, "இதை யாரம்மா இப்படிப் பிசைந்தது?" என்றார். ஓயாமல் அழுத்தினால் கணுவைச் சுற்றியுள்ள திசு கன்றிப்போகும். கன்றியது பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் மேலும் அழுத்துவோம். அதன் பிறகு எனக்கு அவர் ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தார். முடிவு வரும்வரை கட்டியைத் தொடவே கூடாது, அளப்பது ஸ்கேன் வேலை. முடிவு நல்லதாக வந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை, படுத்தபடி, விரல் நுனியால் குத்தாமல் மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து நாட்காட்டியில் ஒரு குறி போட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் என்பதை மறக்க வேண்டாம். வலது பக்கத்திலும் அதேபோல ஒன்று இருப்பதை நான் அப்போதுதான் கண்டுகொண்டேன்.

சொல்வது எளிது, செய்வது கடினம் என்று தெரியும். எனக்குக் கைகொடுத்தது ஓர் அற்பமான உபாயம். இடது கையில் எப்போதும் எதையாவது வைத்துக்கொள்வேன். அலுவலகத்தில் பேனா, வீட்டில் பூத்தொடுக்கும் நார். நீங்கள் கரும்பலகைக்கு முன் நிற்பவர், துடைப்பானை இடது கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, உங்கள் கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நான் என் கணவரிடம் பத்து நாள் மறைத்தேன். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆற அந்தப் பத்து நாளைவிட அதிக நாள் பிடித்தது.

யாழ்நகர்ப் பழையவன் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் பிரிஸ்பேனில் இருந்து எழுதுகிறேன். உலகத்திலேயே மெலனோமா மிக அதிகமாக வரும் இடங்களில் இந்தக் குவீன்ஸ்லாந்தும் ஒன்று. ஆனால் இங்குள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் வெயிலால் வரும் வகை. எனக்கு வந்ததோ வலது கைப் பெருவிரலின் நகத்தடியில். நகத்தில் ஓடிய கறுப்புக் கோட்டை, கார்க் கதவில் விரல் நசுங்கிய தழும்பு என்று ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் முள் என்று நினைத்ததுபோல. ஜமைக்காப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கண்டுபிடிக்கப்பட்டதும் கால்விரல் நகத்தடியில் வந்த இதே வகைதான். 1981இல், முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். அவருடைய காலத்தில் இல்லாத பல வழிகள் இன்று இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் மாடித் தங்கச்சிக்கு நல்ல முடிவு வந்தது என்பதால், மற்றப் பக்கம் போய் வந்தவன் ஒருவனும் பேச வேண்டும்.

முதலில் உங்கள் குற்ற உணர்வைப் பற்றி. நீங்கள் சென்டினல் பயாப்ஸி வேண்டாம் என்றீர்கள். என்னுடையது 1.6 மில்லிமீட்டர், ஆகவே நான் செய்துகொண்டேன். கதிரியக்கத் திரவத்தையும் நீல மையையும் விரலில் ஏற்றி, அவை முதலில் சென்று சேர்ந்த அக்குள் கணுவை எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைக் கண்டு நான் கூச்சலிட்டதும், தாதி சிரித்ததும் இன்னும் நினைவில் உள்ளன. அந்தக் கணுவில் நுண்ணிய அளவில் நோய் இருந்தது. அப்படியிருந்தும் மிச்சக் கணுக்களை அவர்கள் எடுக்கவில்லை. 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு எல்லாக் கணுக்களையும் உடனே அகற்றியும், மற்றவர்களை அல்ட்ராசவுண்டால் கண்காணித்தும் பார்த்தார்கள். மூன்று வருட முடிவில் மெலனோமாவால் இறந்தோர் விகிதம் இரண்டு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. கை கால் வீக்கம் மட்டும் அகற்றிய பிரிவில் நூற்றுக்கு 24 பேருக்கும், கண்காணித்த பிரிவில் நூற்றுக்கு 6 பேருக்கும் வந்தது. அதற்கு முந்திய ஆய்வின் பத்து வருட முடிவுகள் 2014இல் வந்தன. அதிலும், சேர்ந்த எல்லோரையும் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், சென்டினல் பயாப்ஸி செய்துகொண்டவர்களுக்கும் செய்யாமல் கண்காணிக்கப்பட்டவர்களுக்கும் மெலனோமாவால் இறப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பரிசோதனை நோய் எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்லும். எந்த மருந்து யாருக்கு என்று தீர்மானிக்க உதவும். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு சொல்லால் உங்களுக்குத் தீங்கு வந்துவிட்டது என்று நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், ஆம், பரவலாம். மெல்லிய மெலனோமாவிலும் சிலருக்குக் கணுவில் நோய் தெரிகிறது. உங்களுடைய தடிமனில் அந்த வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழ் என்பதால்தான் உங்கள் வைத்தியர் கட்டாயம் இல்லை என்று சொல்லியிருப்பார். எனக்குப் பதினாலாம் மாதம் அக்குளில் ஒன்று திரண்டது. வலி துளியும் இல்லை. மூன்று கிழமை நான் அதை யாருக்கும் சொல்லவில்லை, முட்டாள்தனம். ஊசியில் மெலனோமா என்று வந்தது. அக்குள் கணுக்களை அகற்றி, பிறகு ஒரு வருடம் நாலு கிழமைக்கு ஒரு தடவை நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஏற்றினார்கள். என் போன்ற விரல், பாத வகைக்கு இந்த மருந்துகள் வெயில் வகைக்குச் செய்யும் அளவு வேலை செய்வதில்லை என்பதையும் வைத்தியர் மறைக்காமல் சொன்னார். ஐந்தாவது மாதம் தைரொயிட் சுரப்பி கெட்டுப்போனது. அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. வலது கைக்கு இறுக்கமான உறை போடுகிறேன். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடுவதில்லை. கணு எடுத்து இது ஆறாவது வருடம். போன மாத ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

இப்போது என் காலத்தைவிட முறை மாறியிருக்கிறது. கையில் தட்டுப்படும் அளவுக்குக் கணுவில் மெலனோமா இருந்தால், முதலில் வெட்டாமல், நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சத்திரசிகிச்சை செய்வதே மேல் என்று 2023இலும் 2024இலும் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. கணு உடம்பில் இருக்கும்போதே மருந்து போனால், உடம்பின் காவல் அணுக்கள் எதிரியைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம். ஆகவே நுண்ணோக்கி ஐயா சொன்ன அதே காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை அரை மணி நேர வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இந்த மருந்துகளின் விலை பெரும் சுமை என்று அறிவேன். அந்தக் கணக்கை முடிவு வந்த பிறகு போட்டால் போதும். வராத நோய்க்கு இன்றே காணி விற்க வேண்டாம்.

வடவாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. பதினாறு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

நுண்ணோக்கி ஐயா சொன்ன சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் இரண்டாம் வகுப்பு இடைவேளையில் மருத்துவமனைக்குப் பேசினேன். முதலில் எடுத்தவர் "அடுத்த மாதம்தானே தேதி" என்றார். தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன். சற்று நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை வரச் சொன்னார்.

அதற்கு முந்திய இரவே விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து, ஊறிய காகிதம்போல உரிந்து, அடியில் சிறிய வெடிப்பு ஒன்று சிவந்திருந்தது. ஒட்டுத்தோலை அன்றாடம் கண்ணாடி வைத்துப் பார்த்தவள், ஒரு சாண் தள்ளி இருந்த இதைப் பார்க்கவே இல்லை. மருத்துவரும் அதைக் கண்டார். ஆனாலும் ஐயா எச்சரித்ததுபோலவே, "இது காரணமாக இருக்கலாம், ஆனால் இதைச் சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன்" என்று சொல்லி அன்றே அல்ட்ராசவுண்டுக்கு எழுதினார். கணு 14 மில்லிமீட்டர் நீளம், நடு மையம் தெரிகிறது, வெளிச்சுற்று மட்டும் ஓரிடத்தில் சற்றுத் தடித்திருக்கிறது என்று வந்தது. அந்தத் தடிப்புக்காக ஊசியும் போட்டார்கள். ஊசியைவிட, முடிவு வரும் திங்கட்கிழமை வரையான நான்கு நாட்கள்தான் வலித்தன.

தொற்றால் வீங்கிய கணு, நோயணுக்கள் காணப்படவில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. சேற்றுப்புண்ணுக்குக் களிம்பும், ஏழு நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும். கணு குறையாமலோ வளர்ந்தோ இருந்தால் மறுபடியும் ஊசி. சென்டினல் பயாப்ஸியைப் பற்றியும் கேட்டேன். பிரிஸ்பேன் அண்ணன் எழுதியதைத்தான் அவரும் வேறு சொற்களில் சொன்னார்.

கணவரிடம், உங்கள் பதில்களைப் படித்த அன்றிரவே சொல்லிவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் அவர் பேசவில்லை, பிறகு விமானக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். முடிவு வரும்வரை பொறுக்கச் சொல்லி நிறுத்தினேன். மாமியார் குழைத்து வைத்த சுண்ணாம்பு கிண்ணத்திலேயே காய்ந்துவிட்டது. காலணியைக் காற்றுப் போகும்படியான, முன்பக்கம் திறந்ததாக மாற்றிக்கொண்டேன், குதிகாலுக்கு மட்டும் மெத்தை வைத்தது. பள்ளியில் துடைப்பானை இடது கையில் வைத்திருப்பதால் புடவையெல்லாம் சாக்குத்தூள். நாட்காட்டியில் அடுத்த மாதம் முதல் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறேன். அதுவரை தொடுவதில்லை என்பது கணக்கு. இந்த வாரத்தில் இதுவரை இரண்டு முறை தவறியிருக்கிறேன்.